காலண்டருக்குப் பின்னால் இருந்த ஃபியூஸ் கட்டை

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

உங்கள் போர்டைக் கழற்றிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாலில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் நான் பாவாடை தாவணி கட்டிய காலத்திலிருந்து இருந்த அந்தத் தேக்குப் பலகை, இரும்பு மெயின், நாலு பீங்கான் ஃபியூஸ் கட்டை, ஆணியில் பிளாஸ்டிக் உறையோடு தொங்கிய உங்கள் ஈ.பி. கார்டு, எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு புது இரும்புப் பெட்டி இருக்கிறது. அதன் மேல் யாரும் எந்தத் தாளும் ஒட்டவில்லை.

உங்கள் தாள் ஞாபகம் இருக்கிறதா? சிவப்புப் பென்சிலால் முத்து முத்தாக எழுதி, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தீர்கள். "மோட்டார் ஓடும்போது இஸ்திரி போடக் கூடாது. இஸ்திரி போடும்போது மிக்ஸி ஓட்டக் கூடாது. என்னைக் கேட்காமல் மெயினைத் தொடக் கூடாது. இப்படிக்கு, அ. கோதண்டம்." வீட்டில் இருந்ததே நாலு பேர். மூன்று பேருக்கு எழுத்தில் உத்தரவு போட்டுக் கையெழுத்தும் வைத்த ஒரே அப்பா இந்தச் சேலையூரில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது. வீட்டிலும் அதே கதைதான். காலித் தீப்பெட்டிகளில் ஊசி, பட்டன், திருகாணி, ஃபியூஸ் கம்பி என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் என்ன பொருள், எத்தனை இருக்கிறது என்று எழுதி வைப்பார். ஒன்றை எடுத்தால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணைப் போடுவார். பெற்ற பிள்ளைகளையும் ஒரு பெட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பார், நாங்கள் வளர்ந்துகொண்டே இருந்ததால் தப்பித்தோம்.

இந்த வீட்டைக் கட்டியபோது நாலு பல்ப், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ, அவ்வளவுதான். அதற்கு அந்த போர்டு தாராளம். எண்பதுகளில் ஒவ்வொன்றாக உள்ளே வந்தது. மிக்ஸி வந்தது, டி.வி. வந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போனதும் மோட்டார் வந்தது. தம்பி சேகர் வேலைக்குப் போன வருஷம் ஃபிரிட்ஜ் வந்தது. போர்டு மட்டும் அப்படியே இருந்தது. லைனை மாற்றலாம் என்று யார் சொன்னாலும், "இருக்கறதை ஒழுங்கா உபயோகப்படுத்தக் கத்துக்கோங்க" என்பீர்கள்.

அப்படித்தான் நம் வீட்டில் கத்துகிற பழக்கம் வந்தது. பெரிய சாமான் எதைப் போடுவதானாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். "மோட்டார் போடறேன்!" என்று அம்மா பின்கட்டிலிருந்து கத்துவாள். இஸ்திரிப் பெட்டியை நான் அணைத்துவிட்டு, "போடு!" என்று கத்துவேன். பதில் வராமல் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர்களுக்கு நாம் எப்போது தண்ணீர் ஏற்றுகிறோம், எப்போது சட்னி அரைக்கிறோம் என்பதெல்லாம் அத்துப்படி.

அந்த வீட்டுக்குள்தான் நான் ஜெராக்ஸ் மெஷினைக் கொண்டுவந்தேன்.

மவுண்ட் ரோட்டில் ஒரு ஆபீஸ் கழித்துவிட்ட மெஷின் அது. டெம்போவிலிருந்து நாலு பேர் இறக்கினார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்களின் கணக்கை நீங்கள் எந்தத் தீப்பெட்டியிலும் எழுதி வைக்கவில்லை, அதற்கு நன்றி. கூடுவாஞ்சேரி வரைக்கும் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். பத்திரத்துக்கு நகல், பட்டாவுக்கு நகல், வரைபடத்துக்கு நகல் என்று ஜனங்கள் ஸ்டேஷன் பக்கம் வெயிலில் வரிசையில் நின்றார்கள். நம் தெருவிலேயே ஒரு மெஷின் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

நீங்கள் வாசலில் நின்று அதைப் பார்த்தீர்கள். "பொம்பளைப் பிள்ளை வீட்டு ஹால்லயே கடை போடறதா? போறவன் வர்றவன் எல்லாம் உள்ள வருவான்" என்றீர்கள். நான் இறக்கியவர்களுக்கு உள்ளே வழி காட்டினேன். உடனே அடுத்த ஆயுதத்தை எடுத்தீர்கள். "லைன் தாங்காது, கௌரி."

லைன் தாங்கவில்லை என்பது உண்மைதான். மெஷின் சூடேறும்போதெல்லாம் டியூப்லைட் கண் சிமிட்டும், டி.வி. படம் சுருங்கும், பட்டென்று ஃபியூஸ் போகும். நீங்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, தீப்பெட்டியும் கையுமாக, அவசரமே இல்லாமல் வருவீர்கள். ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். அந்த மௌனத்துக்கு நீங்கள் வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

ஒரு நாள் மனை வாங்கி விற்கிற புரோக்கர் ஒருவர் கட்டுக் கட்டாகப் பத்திரம் கொண்டுவந்திருந்தார். மூன்று முறை ஃபியூஸ் போனது. அவர் பொறுமை இழந்து, "ஏம்மா, வீட்ல கரண்ட்டே நிக்கல, உனக்கு எதுக்கும்மா கடை?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பேப்பர் அடுக்கினேன். நீங்கள் ஸ்டூல் மேல் முதுகைக் காட்டி நின்று ஃபியூஸ் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்களும் மனசுக்குள் சிரிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஃபியூஸ் போவதே நின்றுவிட்டது. மெஷின் நம் வீட்டுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு பெரிய முட்டாள் நான்! ஏதோ கன்றுக்குட்டி வாங்கி வந்தவள் மாதிரி அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம்கூடக் காட்டினேன். ஃபியூஸ் போகாததால் கத்துகிற பழக்கமும் போயிற்று. மோட்டார் பாட்டுக்கு மோட்டார், மிக்ஸி பாட்டுக்கு மிக்ஸி. நீங்களும் தடுக்கவில்லை.

கத்திரி வெயில் நாளில் ஒரு மத்தியானம். நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மோட்டார் போட்டிருந்தாள். கல்யாண வரவேற்புக்குப் போவதற்காகக் கூடுவாஞ்சேரியில் தன் வீட்டிலிருந்து வந்திருந்த சேகர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தால் போர்டு முழுக்கப் புகை, பலகையின் ஓரத்தில் நெருப்பு. நீங்கள் ஓடிவந்து விறகுக் கட்டையால் மெயினைத் தட்டி விட்டீர்கள். எதிரில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளி எறிந்தோம். உங்கள் வலது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

புகை அடங்கியதும் சேகர் என்மேல் பாய்ந்தான். "நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? உன் மெஷின் வீட்டையே கொளுத்திடுச்சு!" அவன் இஸ்திரிப் பெட்டியும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஆம்பளைச் சட்டைக்குப் போட்ட இஸ்திரி எப்படி வீட்டைக் கொளுத்தும்? நான் உங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, "அவளை ஏன்டா சொல்ற" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் உங்கள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் பக்கத்திலேயே ஒரு சின்ன போர்டு வைத்து லைட், ஃபேனுக்கு மட்டும் லைன் கொடுக்கச் சொன்னீர்கள். கரிந்த பழைய போர்டை எடுக்க விடவில்லை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த முருகர் காலண்டரை அதன்மேல் மாட்டினீர்கள். பிள்ளைகள் கண்ணில் அந்தக் கரி படக் கூடாது என்று மாட்டுகிறீர்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

எட்டு மாசம் கழித்து, தை மாசத்தில், பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தபோது சேகர் சொன்னான்: "போர்டு எரிஞ்ச அன்னைக்கே அப்பா பாதி செத்துட்டார். அந்த மெஷின்தான் அவரைக் கொன்னுது." சித்தப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நானும் அதை நம்பினேன் அப்பா. மெஷின் மேல் பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்தினேன். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றரை வருஷம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஆனி மாசம் பின்தெரு மல்லிகா அக்கா, மகளின் சர்ட்டிபிகேட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலேஜில் நகல் கொடுக்க வேண்டுமாம், ஸ்டேஷன் பக்கம் கடையில் ஏகப்பட்ட கூட்டமாம். பெட்ஷீட்டைப் பார்த்து, "ஏன் கௌரி, அதுவும் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். அதுவும் என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவள் போனதும் பெட்ஷீட்டை உருவித் துவைத்துப் போட்டேன்.

ஒயர்மேன் பக்கிரி அண்ணனைக் கூப்பிட்டேன். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் கீது. உன் லைன்தான் சரியில்ல. த்ரீ ஃபேஸ் வாங்கிடும்மா. மோட்டாருக்கு ஒண்ணு, மெஷினுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணு. பொட்டி புதுசு, ஒயர் புதுசு, எர்த்து புதுசு. ஒண்ணோட வம்புக்கு இன்னொண்ணு போவாது" என்றார்.

ஈ.பி. ஆபீசுக்குப் போனேன். சீட்டில் இருந்தவர் கார்டை வாங்கிப் பார்த்து, "கோதண்டம் சாரை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா" என்றார். நீங்கள் இல்லை என்றேன். வருத்தப்பட்டு, பெயர் மாற்றினால்தான் லோடு ஏற்ற முடியும், வாரிசுகள் எல்லோரும் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். நம் காலனியில் பாதி வீட்டுக் கார்டில் இருப்பவர்கள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெயரை எடுத்தால் ஆளையே மறுபடி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி எல்லோரும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நானும் உங்கள் பெயருக்குத்தானே இத்தனை நாள் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தேன்?

"என் பேரெல்லாம் வேணாம், உன் பேர்லயே மாத்திக்கோ. நீதானே ஓட்டப் போற" என்று அம்மா உடனே கையெழுத்துப் போட்டாள். சேகர் ஞாயிற்றுக்கிழமை வந்தான். தாளைப் படித்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்தான். "அப்பா உயிரைக் குடிச்ச மெஷினுக்கு அப்பா பேரை எடுத்துட்டு லைன் வாங்கறியா? நான் போட மாட்டேன்க்கா. என்ன வேணா பண்ணிக்கோ." காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இருந்தாலும் அடுத்த நாள் காலையில் பக்கிரி அண்ணன் அளவெடுக்க வந்தார். புதுப் பெட்டிக்கு இடம் பார்க்க வேண்டும் என்று முருகர் காலண்டரைக் கழற்றினார். அது இரண்டு வருஷப் பழைய காலண்டர், யாரும் அதை மாற்றவே இல்லை. கரிந்த பலகையிலிருந்து ஒரு ஃபியூஸ் கட்டையை இழுத்து எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? எவன் பண்ண வேலை?"

அவர் கையில் இருந்த பீங்கான் கட்டையில் தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்க வேண்டிய ஃபியூஸ் கம்பி இல்லை. நாலு செம்புக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி, இரண்டு பக்கமும் திருகாணியில் ஒரே அளவாக வளைத்துக் கட்டியிருந்தது. "இது ஃபியூஸ் இல்லம்மா, தாம்புக்கவுறு! லோடு மீறினா அறுந்துபோவணும், அதுக்குத்தான் ஃபியூஸு. இது அறுவாது. இது அறுவலன்னா பின்னாடி ஒயர் எரியும், பலகை எரியும். உன் மெஷின் மேல தப்பே இல்ல. வூடே போயிருக்கும், ஏதோ நல்ல நேரம்" என்றார்.

எனக்கு அந்த வளைவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வீட்டில் அவ்வளவு சுத்தமாகக் கம்பி வளைக்கிற கை ஒன்றுதான் இருந்தது.

அம்மாவிடம் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கட்டையைக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் உங்கள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். மேலே சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது: "கௌரி மெஷின்." அதற்குக் கீழே 12, அடித்திருந்தது. பிறகு 11, அடித்திருந்தது. பிறகு 9, அடித்திருந்தது. கடைசியாக 5. உள்ளே ஒரே நீளத்தில் வெட்டிய ஐந்து செம்புக் கம்பிகள் இருந்தன.

முதலில் ஒன்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் எரிந்துபோயிருக்கிறது. பிறகு இரண்டு. பிறகு நாலு.

"அந்தப் புரோக்கர் உன்னைப் பார்த்துச் சிரிச்சான்ல, அன்னைக்கு ராவெல்லாம் இவர் தூங்கல" என்றாள் அம்மா. "'ஜனங்க முன்னாடி தலை குனிஞ்சு நிக்குதுடி புள்ள'ன்னு சொல்லிட்டே இருந்தார். அப்புறம் கம்பி வெட்டினார். எனக்குக் கம்பியைப் பத்தி என்ன தெரியும்? எரிஞ்ச பிற்பாடுதான் சொன்னார். நீங்களே சொல்லிடுங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'பையன் முன்னாடி எப்படிடி சொல்வேன்'னு காலண்டரை மாட்டிட்டார்."

அப்பா, எனக்காக ஒருவர் இவ்வளவு செய்தார் என்று நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த நிமிஷமே உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. வெளியே "லைன் தாங்காது" என்று தினம் ஒரு முறை சொல்லிக்கொண்டு, உள்ளே எனக்காகக் கம்பி முறுக்கியிருக்கிறீர்கள். ஒரு தடவை, "கௌரி, வா, போய் த்ரீ ஃபேஸுக்கு எழுதிப் போடலாம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பெண்ணுக்கு ஒத்தாசை பண்ணுவதைக்கூடத் திருட்டுத்தனமாகத்தான் பண்ண வேண்டுமா? அந்த எட்டு மாசமும் நான் உங்கள் எதிரில்தான் நடமாடினேன். குற்றவாளி மாதிரி நடமாடினேன். உங்களுக்கு என்னைக் கூப்பிட எத்தனை வேளை இருந்தது?

இதற்கு நீங்கள் பதில் சொல்லப்போவதில்லை. இருக்கும்போதும் சொன்னவரில்லை.

அன்றைக்கே கட்டையையும் தீப்பெட்டியையும் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு கூடுவாஞ்சேரி ரயிலில் ஏறினேன். சேகர் அப்போதுதான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து லுங்கிக்கு மாறியிருந்தான். மெயின்டனன்ஸில் சூப்பர்வைசர். அவன் வீட்டில் த்ரீ ஃபேஸ் எப்போதோ வந்துவிட்டது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் யாருக்கும் கத்தவில்லை.

நியூஸ்பேப்பரைப் பிரித்து டீப்பாய் மேல் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"நீதான் கரண்ட்டு வேலை பார்க்கறவன். நீயே சொல்லு."

எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு விளக்கத் தேவையில்லை. முகம் மாறிவிட்டது. "இப்படி யாராவது கட்டுவாங்களா? எந்த மடையன்..." என்று ஆரம்பித்தவன் தீப்பெட்டியைப் பார்த்தான். அதில் இருந்த எழுத்தைப் பார்த்தான். ஐந்து கம்பிகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"இது நான் கொடுத்தது" என்றான் கடைசியில். "கம்பெனியில கழிச்சுப் போட்ட கேபிள். வேலி கட்ட ஒரு முழம் வேணும்னு கேட்டார். எதுக்குப்பான்னு ரெண்டாவது கேள்வி கேட்காம கொடுத்தேன். நம்ம வீட்டுக்கு வேலி எங்கக்கா இருக்கு? சுவர்தானே இருக்கு?"

அவன் அழுதான். நான் அழவில்லை. எனக்குப் பேச வேண்டியது பாக்கியிருந்தது.

"நீதான் கொன்னேன்னு சொல்ல வரலடா. அப்பாவே கொன்னுகிட்டார்னும் சொல்ல வரல. யாரும் யாரையும் கொல்லல. அவருக்கு மாரடைப்பு, அவ்வளவுதான். ஆனா பதினாறாம் நாள் அத்தனை பேர் நடுவுல என் தலையில ஒண்ணைத் தூக்கி வெச்ச பாரு, அதை இன்னைக்கு இங்க இறக்கி வெச்சுட்டேன். இனிமே அதை நான் தூக்க மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, வேற வழி பார்த்து அந்த லைனை வாங்காம விட மாட்டேன்."

அவன் பேனா தேடினான். பேனா கிடைக்காமல் பையனின் ஸ்கூல் பையைக் கவிழ்த்துத் தேடினான். போட்டான். அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக்கு அவனே போய், நான் கேட்காமலே, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். சித்தப்பா, "அண்ணன் அப்படிப் பண்ணக்கூடியவரா?" என்று நம்பவில்லையாம். நம்பாவிட்டால் போகட்டும்.

மறுபடி ஈ.பி. ஆபீசில் நின்றபோது வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? உன் பேர்ல எதுக்கு?" என்றார். "மெஷினை ஓட்டறது நான்தான் சார்" என்றேன். 

வேலை மூன்று நாள் நடந்தது. கம்பத்திலிருந்து புது சர்வீஸ் ஒயர் வந்தது. மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓடிய பழைய ஒயரையெல்லாம் பக்கிரி அண்ணன் உருவிப் போட்டார். தொட்டால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த ஒயரை நம்பி இத்தனை வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறோம். தோட்டத்தில் எர்த்துக்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பக்கிரி, ஊறுகாயா போடற?" என்றாள். "ஆமாங்கம்மா, இந்த ஊறுகா நல்லா ஊறுனாத்தான் உனுக்கு ஷாக் அடிக்காது. வெய்ய நாள்ல தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்து" என்றார். அம்மா இப்போது துளசிக்கு ஊற்றிவிட்டு அதற்கும் ஊற்றுகிறாள்.

புதுப் பெட்டிக்குள் ஃபியூஸ் கட்டை கிடையாது. வரிசையாகச் சின்னச் சின்ன ட்ரிப் சுவிட்சுகள். லோடு மீறினால் தானாகவே விழுந்துவிடும். என்ன தப்பு என்று பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் தூக்கிவிட வேண்டும். அதில் கம்பி முறுக்க வழியில்லை. உங்களுக்குப் பிடிக்காது.

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு லைன் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பலகையிலிருந்து உரித்தெடுத்த, ஓரம் கரிந்த உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் கூடாது என்று எழுதியிருந்ததையெல்லாம், மோட்டார் ஒன்று தவிர, ஒரே நேரத்தில் செய்தேன். மிக்ஸி போட்டேன். இஸ்திரிப் பெட்டி போட்டேன். ஃபிரிட்ஜ் ஓடியது, டி.வி. ஓடியது. ஜெராக்ஸ் மெஷினை ஆன் செய்தேன். அது சூடேறுகிற ஒரு நிமிஷமும் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கண் சிமிட்டவே இல்லை. லைன் தாங்கியது, அப்பா.

முதல் நகல் எதை எடுத்தேன் என்று கேளுங்கள். உங்கள் பழைய கார்டை. புதுக் கார்டு போட்டதும் அதை ஆபீசில் கேட்டுப் பக்கிரி அண்ணன் திருப்பி வாங்கி வைத்திருந்தார். "அ. கோதண்டம்" என்று மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மல்லிகா அக்கா வாசலில் காத்திருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது நகலை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "மோட்டார் போடறேன்!"

இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று அம்மாவிடம் பத்து முறை சொல்லியாகிவிட்டது. அவள் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். மெஷினை நிறுத்தவில்லை. எதையும் அணைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "போடும்மா!" என்று கத்தினேன்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். முருகர் காலண்டரைப் பூஜை அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அந்தக் கரிந்த ஃபியூஸ் கட்டையை நாலு கம்பியோடு ஜெராக்ஸ் மெஷின் மேல், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். இதைக் கட்டியது என் அப்பா, எனக்காகக் கட்டினார், கட்டியது தப்பு என்று மூன்றையும் சொல்வேன். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை விழுங்க மாட்டேன். இந்த வீட்டில் இனி எது கருகினாலும் அதன் மேல் எதையும் மாட்ட மாட்டேன்.

தீப்பெட்டியில் மிச்சமிருந்த ஐந்து கம்பிகளை எதற்கும் எடுக்கப்போவதில்லை. எண் அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
கார்டில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் இன்று பெயர் உள்ள
உங்கள் மூத்த மகள்,
கோ. கௌரி